கண்ணுக்குத் தெரியாத நோயும் என் மகளின் மேற்படிப்பும்

1

சிரம்பான், மலாயா. விக்கிரம வருஷம், ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

இன்று காலை அப்போதிக்கரியார் வந்தார். இவ்வூர் ஆசுபத்திரியில் மருந்து கொடுப்பவர். பிறந்த ஊர் சாவகச்சேரி. மழையைப் பற்றியும் ஐரோப்பிய யுத்தத்தைப் பற்றியும் சிறிது கதைத்தார். கோப்பி வந்தது. குடித்துக் கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டார்.

“உங்கடை மூத்த மேள் பி.எஸ்ஸி.க்குப் பிறகும் படிக்கிறாவாம். என்ன படிப்பு? அதாலை கடைசியிலை என்ன வரும்?”

கலியாணம் விசாரிக்க வருபவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். பெண்ணைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். அதோடு, என் மனைவியின் தமையனார் சென்ற தை மாதம் சம்பந்தம் செய்ததும் சாவகச்சேரியில்தான்.

“ஆர் உம்மைக் கேக்கச் சொன்னது?” என்றேன்.

“ஒருத்தருமில்லை. என்ரை பெட்டையும் கொழும்பிலை சோதினை பாசாகிட்டாள். பிராணி சாஸ்திரம். இனிக் காணும், வா எண்டால், மேலை படிக்கப்போறாளாம். இவ்வளவு தவளை வெட்டினது காணாதோ எண்டு தாய் அழுகிறா.”

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பாதி நம்பினேன். மிச்சப் பாதிக்காக இன்னொரு கோப்பி வரவழைத்தேன்.

கோப்பி கொண்டுவந்த என் இளைய மகள் அவருக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். எங்களுக்கு ஆங்கிலத்திலும் பால்காரனுக்கு மலாயிலும் பதில் சொல்லுகிறவள் அவள். பூனையோடு மட்டும் தமிழ் கதைக்கிறாள். மூத்தவள் யோகம் அப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் பத்து வயதில் அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, அளவெட்டியில் தாய்மாமன் வீட்டில் விட்டோம். அவள் தமிழை நன்றாகவே கற்றாள். பிறகு எங்களோடு வாதாடுவதற்கு அதைத்தான் பயன்படுத்தினாள்.

யோகம் மேற்படிப்புக்குப் போய் இந்த ஆனியோடு ஒரு வருஷம். அப்போதிக்கரியாருக்குச் சொன்னதையே ஊரில் உள்ளவர்களுக்கும் எழுதுகிறேன். இதைப் புத்திமதியாக எடுக்கவேண்டாம். புத்திமதி சொல்ல வருபவர்களை நான் நம்புவதில்லை.

2

சென்ற முறை லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற பிள்ளைக்கு இனி என்னென்ன வழிகள் உண்டு என்று பலரிடம் விசாரித்தேன். ஒவ்வொருவரும் தாம் போன வழியைக் காட்டினார்கள். அல்லது தமக்கு ஆள் தேவைப்பட்ட வழியைக் காட்டினார்கள்.

ஊருக்குத் தெரிந்த வழி வைத்தியம். பட்டம் பெற்ற பிறகும் வைத்தியக் கல்லூரியில் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். யோகத்துக்கு விருப்பமில்லை. விருப்பமில்லையா, அல்லது இடம் கேட்டுக் கிடைக்கவில்லையா என்று எனக்கு ஒரு சந்தேகம். அவளைக் கேட்டேன்.

“கேக்கேல்லை அப்பா. கேட்டிருந்தால் கிடைச்சிருக்கும், பிறகு உங்களுக்கு மறுக்க வேறை காரணம் தேடவேண்டி வந்திருக்கும்,” என்றாள்.

அடுத்தது பள்ளிக்கூடம். ஒரு பெண்கள் கல்லூரியின் அதிபர் வீட்டுக்கே வந்து, யோகத்தின் அறிவைப் பற்றி ஒரு மணி நேரம் புகழ்ந்தார். போகும்போதுதான் தெரிந்தது, அவருடைய கல்லூரியில் தாவர சாஸ்திரம் படிப்பிக்க ஆளில்லை என்று. அதற்குப் பிறகு அவர் சொன்ன புகழ்ச்சி எல்லாவற்றையும் நான் கழித்துவிட்டேன்.

கொழும்பில் இருந்தபடியே லண்டன் சர்வகலாசாலையின் எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுதலாம். கேட்க நல்ல வழிதான். ஆனால் எழுதுவதைச் சோதிக்கும் ஆள் கடலுக்கு அப்பால். பயிர் நோயைப் பற்றிப் பக்கத்தில் நின்று வழிகாட்ட ஒருவரும் இல்லை. நேரே லண்டனுக்கே போகலாம் என்றால், அப்போதே சண்டை வரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கல்கத்தாவில் நல்ல பேராசிரியர்கள் உண்டு. எங்களுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. ஒரு விவசாயக் கல்லூரிக்கு, பெண்பிள்ளைகளைச் சேர்ப்பீர்களா என்று எழுதிக் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பேசாமையைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

மிஞ்சியது சென்னை. அங்கே ஒரு கல்லூரியில் யோகத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக இடம் கிடைத்திருந்தது. சித்திரை முடிவுக்குள் ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். இத்தனை வழிகள் இருக்க, அவள் இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கொழும்பில் அவளுக்குப் படிப்பித்தவர்களில் சென்னை இளைஞர் எவரும் உண்டோ என்று சுற்றிவளைத்து விசாரித்தேன். ஒருவர் இருந்தார். வயது அறுபதுக்கு மேல், பேரப்பிள்ளைகளும் உண்டு.

3

வெகுதானிய வருஷம் தை மாதம் நாங்கள் அளவெட்டியில் இறங்கினோம். யோகத்தை வளர்த்த தாய்மாமன் பெயர் செல்லப்பர். யோகம் அவரை அம்மான் என்பாள். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்போம். செம்மண்ணில் புகையிலை நட்டுப் பெயரெடுத்தவர். அவருடைய மகன் நடராசா சாவகச்சேரி நீதிமன்றத்தில் இலிகிதர். முறைப்படி யோகத்துக்கு மச்சான். இருவருக்கும் கலியாணம் என்று பெரியவர்கள் எப்போதோ பேசியிருந்தார்கள். அப்போது யோகத்தைக் கேட்கவில்லை, நடராசாவையும் கேட்கவில்லை.

சென்னைச் செய்தியைச் சொன்னதும் செல்லப்பர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

“மச்சான், நீர் மலாயாவிலை இருக்கிறீர். இஞ்சத்தை நிலவரம் உமக்குத் தெரியாது. போன வருஷம் உவள் லீவிலை வந்து, கண்ணாடி ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு என்ரை தோட்டத்துக்குள்ளை வரிசை வரிசையா நடந்தவள். மாசியிலை புகையிலைக் கண்டு முழுக்கத் தேமல். நான் வாய் திறக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை; எந்த நாள் எப்பிடி இருந்தாளோ ஆருக்குத் தெரியும்.”

பெண்கள் மாதவிலக்கு நாட்களில் தோட்டத்துக்குள் கால்வைத்தால் பயிர் பட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். துடக்கு என்பார்கள். செல்லப்பரின் தோட்டத்தில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாய் இலைகள் நிறம் மாறி, சுருங்கி, விலைபோகாமல் கிடந்ததற்கு அவர் கண்ட காரணம் அதுதான்.

யோகம் உள்ளே தாயோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எழும்பி வந்தாள்.

“அம்மான், அது துடக்கில்லை. நோய். கையாலை பரவிறது. நுனி முறிக்கேக்கை வாயிலை என்ன வைச்சிருக்கிறனீங்கள்?”

“வேறென்ன? சுருட்டு.”

“எந்த இலை?”

“போன வருஷத்து இலை. என்ரை தோட்டத்து இலை. கடைச் சுருட்டை நான் வாயிலை வைக்கிறதில்லை.”

“போன வருஷத்துத் தேமல் அதுக்குள்ளை இருக்கு. சுருட்டைத் தொட்ட கையாலை கண்டை முறிக்கிறியள். ஒரு கண்டிலையிருந்து மற்றக் கண்டுக்கு நீங்கள்தான் கொண்டுபோறியள்.”

“உணத்தி, புகை போட்டு, சுருட்டி, நெருப்பும் வைச்ச பிறகோ?”

“நெருப்பு ஒரு பக்கந்தானே அம்மான். நீங்கள் கடிக்கிறதும் தொடுறதும் மற்றப் பக்கம்.”

செல்லப்பர் சுருட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். நானும் என்னுடையதைப் பார்த்தேன். அவருடைய சுருட்டைத்தான் நானும் பத்திக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கிருமி பூதக்கண்ணாடியிலை தெரியுமோ?” என்று கேட்டேன்.

“தெரியாது. எந்தக் கண்ணாடியிலையும் தெரியாது.”

“கண்ணுக்கே தெரியாத ஒண்டைப் படிக்கவோ சென்னைக்குப் போகவேணும்?”

“தெரிஞ்சிருந்தால் இவ்வளவுக்கு ஆரும் படிச்சு முடிச்சிருப்பினம் அப்பா.”

செல்லப்பர் சிரித்தார். “தெரியாதாம். ஆனால் என்ரை கையிலைதான் இருக்காம். நல்ல படிப்பு.”

4

அன்று பேசி முடிந்தது இது. இலை பெருப்பதற்காகக் கன்றின் நுனியை முறிக்கும் காலம் மாசியில் வரும். தோட்டத்தின் மேற்குப் பாதியில் செல்லப்பரும் அவருடைய ஆட்களும் வழக்கம்போல வேலை செய்வார்கள். கிழக்குப் பாதியில் கதிரன் என்ற வேலையாள் மட்டும், சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, வெறும் வாயோடு வேலை செய்வான். யோகம் வேலிக்கு உள்ளே வரவே கூடாது. இது செல்லப்பர் போட்ட நிபந்தனை. கிழக்குப் பாதி சுத்தமாக நின்றால் அவள் சென்னைக்குப் போகலாம். அங்கேயும் தேமல் பிடித்தால் சென்னைக்கு மறுத்து எழுதிவிட்டு, வைகாசியில் நடராசாவைக் கலியாணம் செய்யவேண்டும்.

“உனக்குச் சம்மதமோ?” என்று யோகத்தைக் கேட்டேன்.

“ஓம்.”

இவ்வளவு சுருக்கமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். “இஞ்சாருங்கோ, புகையிலைக் கண்டை வைச்சோ பிள்ளையின்ரை காரியத்தைத் தீர்மானிக்கிறது? உவள் போனால் அண்ணை என்னோடை கதைக்கமாட்டார். போகாட்டில் உவள் என்னோடை கதைக்கமாட்டாள். எனக்கு எந்தப் பக்கம் தேமல் பிடிச்சாலும் ஒண்டுதான்.”

தோட்டத்தைக் காவல் பார்க்கப் போகிறேன் என்றேன்.

காவல் வேண்டியிருந்தது. செல்லப்பர் தம் ஆட்களில் ஒருவனைக் கிழக்குப் பக்கம் அனுப்பி இலைகளைத் தடவிவிடச் சொல்லமாட்டாரா? அல்லது யோகம் கதிரனைப் பிடித்து, மேற்குப் பக்கக் கன்றுகளில் ஏதும் பூசச் சொல்லமாட்டாளா? இரண்டும் நடக்கக்கூடியவை. கதிரையொன்றைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பாதியின் வரம்பில் போட்டு உட்கார்ந்தேன். கதிரன் கைகழுவி வரும்போது கையை மணந்து பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.

“ஐயா, என்ரை மனிசி கூட இப்பிடிக் கையை மணக்கிறதில்லை,” என்றான் அவன்.

செல்லப்பர் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார். “என்ன மச்சான், மலாயாவிலை உமக்கு உதுதானோ வேலை?”

ஏறக்குறைய அதுதான் வேலை. பிறர் போட்ட கணக்கில் பிழை தேடுவதற்குத்தான் அரசாங்கம் என்னை இத்தனை வருஷம் வைத்திருக்கிறது.

தோட்டத்தில் இருந்த காலம் முழுவதும் நான் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டேன். நாள்தோறும் வரம்பால் நடந்து, இலைகளைப் புரட்டி, யாரேனும் கசக்கிய அடையாளம் உண்டோ என்று பார்த்தேன். இருந்து அலுத்தால் ஒரு சுருட்டு.

5

மேற்குப் பாதியில் தேமல் வந்தது. போன வருஷத்தைவிடக் கூட என்று செல்லப்பரே சொன்னார். ஆனால் அவர் முகம் வாடவில்லை. ஏன் வாடவில்லை என்பது பங்குனி நடுவில் ஒரு காலையில் தெரிந்தது. கிழக்குப் பாதியிலும் இளம் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. எல்லாக் கன்றும் அல்ல. ஆனால் ஒன்றிரண்டும் அல்ல.

“பாத்தீரே மச்சான்,” என்றார் செல்லப்பர். “சவர்க்காரம் போட்டது. பெட்டை உள்ளுக்கும் வரேல்லை. எல்லாம் உவள் சொன்னபடி. பிறகென்ன? போன வருஷம் நடந்த துடக்கு மண்ணிலை நிக்குது. வைகாசியிலை நாள் பாப்பம்.”

யோகத்தைக் கூப்பிட்டோம். வந்து வேலிக்கு வெளியே நின்றாள். தாய் பின்னால் நின்றாள். கிழக்குப் பாதி என்று கேட்டவுடன் மகளின் முகம் வெளிறிவிட்டது. பிறகு கேட்டாள்.

“கதிரன், எந்தக் கண்டுகள்? எல்லா வரிசையிலுமோ?”

“இல்லை பிள்ளை. அங்காலைப் பக்கம் நல்லா நிக்குது. ஐயா இருக்கிற கதிரையடியிலை தொடங்கி, வரம்புக் கரை வழியாத்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள். கையில் சுருட்டு இருந்தது.

“அப்பா, இலையளைத் தொட்டனீங்களோ?”

“தொட்டுப் பாக்காமல் என்ன காவல்?”

“அந்தக் கையாலையோ?”

கதிரன் முதலில் சிரித்தான். பிறகு முதலாளி நிற்பதை நினைத்து நிறுத்திக்கொண்டான். செல்லப்பர் என்னையும் கன்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப, கொப்பருக்குத்தான் துடக்கு எண்டு சொல்லுறியோ?”

“ஓம் அம்மான்,” என்றாள் யோகம். “எங்கடை அப்பாவுக்குத்தான்.”

“நல்லாயிருக்கு. கண்டு நல்லா நிண்டால் சவர்க்காரம். பட்டுப்போனால் கொப்பர். எந்தப் பக்கம் விழுந்தாலும் உன்ரை பக்கந்தான் சரி.”

இந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே பட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் தோற்ற வழக்கையும் இப்படித்தான் வெல்லுவார்கள். அதனால் எல்லாரும் போன பிறகு, அன்று மத்தியானம் நான் தனியே திரும்பி வந்தேன்.

நான் நடந்த வரம்பு கிழக்குப் பாதிக்கு உள்ளேயே, இரண்டு வரிசைகளுக்கு நடுவே போகிறது. ஒரு கரை, செல்லப்பரின் ஆட்கள் வேலை செய்த பக்கம் பார்த்த கரை. அவர்களைச் சந்தேகித்தபடியால் அந்தக் கரைக் கன்றுகளை மட்டுமே நாள்தோறும் புரட்டினேன். மற்றக் கரையில் கைவைக்கவில்லை. அங்கே யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இது யோகத்துக்குத் தெரியாது. கதிரனுக்கும் தெரியாது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

தேமல் ஒரு கரையில் மட்டும் இருந்தது. நான் தொட்ட கரையில். எதிர்க் கரையில் கன்றுகள் கரும்பச்சையாய், குற்றமில்லாமல் நின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு வரம்பு. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர், கதிரனின் அதே கை.

மகள் சொல்லி நான் நம்பியிருக்கமாட்டேன். மைத்துனர் சொல்லியும் நம்பியிருக்கமாட்டேன். எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று கன்றில் எழுதியிருந்தபோது சந்தேகப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது.

செல்லப்பரைக் கூட்டிவந்து இரண்டு கரையையும் காட்டினேன். இரண்டு கரையிலும் குனிந்து இலைகளைப் பார்த்தார்.

“நீர் இந்தக் கரையைத்தான் தொட்டனீர் எண்டதுக்கு ஆர் சாட்சி?” என்றார்.

“நான்தான்.”

“ஏன் இந்தக் கரை?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். தோட்டம் பட்டதை அவர் பொறுத்திருப்பார். அவரைக் கள்ளன் என்று நினைத்து நான் காவல் இருந்ததைப் பொறுக்கவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்களோடு கதைப்பதில்லை. சென்ற தையில் நடராசாவுக்குச் சாவகச்சேரியில் கலியாணம் நடந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. தமையன் வீட்டுக் கலியாணச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த அன்று என் மனைவி அடுப்பு மூட்டவில்லை.

சித்திரை முடியுமுன் சென்னைக்கு ஒப்புக்கொண்டு எழுதினோம்.

6

பிரமாதி வருஷம் ஆனியில் தலைமன்னாரில் கப்பலேறினோம். மனைவியையும் இளையவளையும் உறவினரோடு மலாயாவுக்கு முதலே அனுப்பிவிட்டேன். யோகத்தைச் சென்னையில் விட்டு, அங்கிருந்து பினாங்குக் கப்பல் பிடிப்பது என் திட்டம்.

தனுஷ்கோடிச் சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்தார்கள். சுருட்டுகளை எண்ணினார்கள். பிறகு யோகத்தின் பெட்டியில், மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே அழுத்தி வைத்திருந்த தேமல் இலைகள் அகப்பட்டன.

“இது என்னம்மா, புகையிலைதானே? வரி கட்டணுமே,” என்றார் சுங்க அதிகாரி.

“நோய் பிடிச்ச இலை. இதைப் பத்த ஏலாது.”

“பத்தறதுக்கில்லேன்னா எதுக்குக் கொண்டு வர்றீங்க?”

“படிக்க.”

அவர் என்னைப் பார்த்தார். இவளோடு வந்திருப்பவர் புத்தியுள்ளவரா என்று பார்க்கிற பார்வை. நான் தகப்பன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு இலைகளைத் திருப்பிக் கொடுத்தார். சுருட்டுகளுக்கு வரி வாங்கிக்கொண்டார்.

சென்னையில் பெண்கள் விடுதியைச் சோதித்தேன். மதில் உயரம், வாசற்காவலாளியின் வயது, விருந்தினர் வரும் நேரம் எல்லாம் கேட்டேன். விடுதித் தலைவி பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமை பழக்கத்தால் வந்தது என்று விளங்கியது. பிறகு கல்லூரிக்குப் போனோம். பேராசிரியர் யோகம் கொண்டுவந்த இலைகளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் இரண்டு சொல் பேசினார். அவளிடம் அரைமணி நேரம் பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் சந்தேகிக்கக்கூடிய ஒரு சொல்லும் அதில் இல்லை. பெரும்பாலும் எனக்கு விளங்கிய சொல்லும் இல்லை.

கட்டடத்துக்குப் பின்னால் கண்ணாடியால் அடைத்த ஒரு வீடு. உள்ளே தொட்டிகளில் புகையிலைக் கன்றுகள். மகள் நாள்தோறும் எங்கே நிற்கப்போகிறாள், அங்கே வேறு யார் நிற்பார்கள் என்று பார்க்காமல் கப்பலேற எனக்கு மனமில்லை. வாசலில் ஒரு தொட்டித் தண்ணீரும் சவர்க்காரமும் இருந்தன. பேராசிரியர் கைகழுவி உள்ளே போனார். யோகமும் கழுவினாள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தேன்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷச் சுருட்டில் பழுத்த விரல்கள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“நீங்கள் வேண்டாம் அப்பா. வெளியிலை நில்லுங்கோ.”

“கழுவிறன்தானே.”

“கழுவுவியள். உள்ளுக்கு வந்தால் தொட்டும் பாப்பியள்.”

கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு உள்ளிருந்து கொக்கி போடும் சத்தமும் கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் பேராசிரியர் எதையோ காட்ட, அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை நிமிர்ந்து, தான் சொன்ன இடத்தில்தான் நான் நிற்கிறேனோ என்று திரும்பிப் பார்த்தாள்.

அங்கேயே நின்றேன்.